சட்டர் அல்ல, ஷட்டர்

குற்றாலம்
6 ஜூலை 2025

துல்கர்னைன் பாய் அவர்களுக்கு,

இசக்கிப்பாண்டி எழுதுவது. ஆமாம், நானேதான் எழுதுகிறேன். பக்கத்தில் யாரும் இல்லை. உம்முடைய பெயரை எழுதி முடிப்பதற்குள் டீ ஆறிவிட்டது. ‘னை’க்கு முன்னால் ஒரு கொம்பு நிற்கிறதே, அதைப் பலமுறை அழித்து எழுதினேன். இப்போது நன்றாக நிற்கிறது, பாரும்.

இனி உம்மிடம் ஒரு வார்த்தை பேசமாட்டேன் என்று குற்றாலநாதர் மேல் சத்தியம் செய்தவன் இப்போது எதற்கு வருகிறான் என்று கேட்பீர். நானும் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரி முப்பிடாதிதான் சொன்னாள். “பேச மாட்டேன்னுதான சத்தியம் பண்ணினீங்க. எழுத மாட்டேன்னா சொன்னீங்க?” அன்றைக்கு எனக்கு எழுதத் தெரியாது, பாய். அதனால் சத்தியத்தில் எழுத்தைச் சேர்க்கத் தோன்றவில்லை. அந்தச் சந்து வழியாகத்தான் நுழைந்து வந்திருக்கிறேன்.

எங்கள் தெரு அங்கன்வாடியில் சாயங்காலம் பெரியவர்களுக்குப் பாடம் நடந்தது. குழல்வாய்மொழி என்று கல்லூரி முடித்த பிள்ளை சொல்லிக்கொடுத்தாள். படித்தவர்கள் எல்லாம் பெண்கள். ஆண் நான் ஒருவன்தான். பரீட்சையில் என்னைவிட முப்பிடாதிக்கு மார்க் அதிகம். அவள் அதைக் குழாயடியில் சொல்லி முடித்து, இப்போது ரேஷன் கடையில் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

ஆகஸ்ட் பத்தாம் தேதி சான்றிதழ் கொடுக்கிறார்கள். அன்று எல்லோரும் கரும்பலகையில் அவரவர் பெயரை எழுதி, அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்ள வேண்டுமாம். குழல்வாய்மொழி தன் போனைக் காட்டினாள். பூ விற்கிற முத்துவடிவு, “போன்ல எடுத்தா போன்லயே கெடக்கும் தாயி. அண்ணாச்சி அருவிக்கரையில ஒரு பெட்டி வச்சி எடுப்பாவள்லா, அதுல எடுக்கச் சொல்லு. செவத்துல மாட்டணும்” என்றாள். நான் யோசிக்காமல் சரி என்றுவிட்டேன். குழல்வாய்மொழி சென்னையிலிருந்து ஃபிலிமும் வரவழைத்துவிட்டாள். ஃபிலிம் என்று எழுதும்போது முன்னால் வருகிற மூன்று புள்ளி எனக்கு ரொம்பப் பிடிக்கிறது. முக்காலி மேல் கேமரா நிற்கிற மாதிரி இருக்கிறது.

அரிசி டின்னுக்குள்ளிருந்து பெட்டியை எடுத்தேன். அரிசி ஈரத்தை இழுக்கும் என்று நீர் சொன்னதை இன்றுவரை மீறவில்லை. கைப்பிடியைச் சுற்றினேன், பட்டனை அமுக்கினேன். டிக் என்ற சத்தம் வரவில்லை. சொத் என்று வந்தது. சட்டர் சரியாகத் திறக்கவில்லை.

இது சாரல் நேரம். அங்கன்வாடிக்குள் இருட்டு. ஃபிளாஸ் இல்லாமல் ஆகாது. இந்தக் கேமராவும் ஃபிளாஸும் சேர்ந்து என்னை உம்முடைய தம்பி ஆசிப் கல்யாணத்தில் என்ன செய்தன என்று நம் இரண்டு பேருக்கும் தெரியும். அதே மாதிரி இன்னொரு தடவை, என்னோடு ‘அ’ எழுதிய பெண்கள் முன்னால் தலைகுனிய என்னால் முடியாது. என்ன செய்யவேண்டும் என்று எழுதும். பேசவேண்டாம்.

இசக்கிப்பாண்டி

*

தென்காசி
10 ஜூலை

சட்டர் அல்ல, ஷட்டர். ஃபிளாஸ் அல்ல, ஃபிளாஷ். ‘ஷ’ என்று ஓர் எழுத்து இருக்கிறது.

உள்ளே ஃபிலிம் இருந்தால் பின்கதவைத் திறக்கவேண்டாம். இல்லையென்றால் திறந்து, ட்யூப்லைட்டுக்கு நேரே பிடித்து, பின்பக்கமிருந்து லென்ஸுக்குள் பாரும். ஷட்டரின் இதழ்கள் அசையவே இல்லையா, பாதியில் நிற்கின்றனவா, முழுதாகத் திறந்தும் மூட மறுக்கின்றனவா. ஒவ்வொன்றும் வேறு வேறு நோய். பிறகு வேகத்தை ‘பி’யில் வைத்து, ஷட்டர் திறந்து நிற்க அமுக்கிப் பிடித்து, விடும். விட்டவுடன் மூடுகிறதா, யோசித்து மூடுகிறதா. பிறகு ஒரு வினாடியில் வைத்துக் காதால் கேளும். உள்ளே சின்னச் சக்கரம் சர்ரென்று ஒரே சீராக ஓடவேண்டும். நடுவில் மூச்சு வாங்கினால் அதையும் எழுதும்.

கைப்பிடியைச் சுற்றி ஷட்டரை ஏற்றிய பிறகு வேகத்தை ஐந்நூறுக்குத் திருப்பக்கூடாது. லென்ஸ் பக்கத்து ஃபிளாஷ் லீவரை ‘வி’ பக்கம் தள்ளக்கூடாது. அது கேமரா தானாகப் படம் எடுப்பதற்கான கடிகாரம். இந்த வயதில் அது சிக்கினால் எல்லாம் சேர்ந்து சிக்கும்.

எண்ணெய் ஏதாவது விட்டிருந்தால் இப்போதே சொல்லிவிடவும்.

பஸ்ஸில் இருபது நிமிடத்தில் வருகிற தூரத்துக்கு உம் கடிதம் நாலு நாள் எடுத்துக்கொண்டது. சத்தியம் செய்கிறவர்கள் இதையெல்லாம் யோசித்துச் செய்யலாம்.

துல்கர்னைன்

*

குற்றாலம்
15 ஜூலை

பாய்,

ஷட்டர். ஷட்டர். ஷட்டர். போதுமா.

உம்முடைய கடிதத்தை நானே வாசித்தேன். முன்பு அருவிக்கரையில் நான் படம் எடுப்பேன். நீர் கழுவிப் பிரிண்ட் போட்டு, படத்தில் இருப்பவரின் விலாசத்தைக் கவரில் எழுதுவீர். நான் பசை ஒட்டுவேன். அது மதுரைக்குப் போகிறதா மானாமதுரைக்குப் போகிறதா என்று எனக்குத் தெரியாது. எழுதினவர் பெரிய படிப்பாளி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போதுதான் உம்முடைய கையெழுத்தின் லட்சணம் தெரிகிறது. ‘ள’வும் ‘ன’வும் ஒன்றாகவே இருக்கின்றன. அத்தனை படங்களும் ஊர் போய்ச் சேர்ந்ததற்குத் தபால்காரர்களுக்குத்தான் மாலை போடவேண்டும்.

நீர் சொன்னபடி பார்த்தேன். இதழ் ஐந்தும் அசைகின்றன. பாதி திறந்து, தூக்கம் கலையாத பூனைக்குட்டியின் கண் மாதிரி நின்று, பிறகு மெல்ல மூடுகின்றன. ‘பி’யில் விட்டால் யோசித்துத்தான் மூடுகிறது. ஒரு வினாடியில் சக்கரம் ஓடுகிறது, நடுவில் ஒரு மூச்சு வாங்குகிறது. இதழின் மேல் வானவில் மாதிரி ஒரு பளபளப்பு இருக்கிறது. பார்க்க அழகாகத்தான் இருக்கிறது.

எண்ணெயைப் பற்றிக் கேட்டிருந்தீர். ஒரே ஒரு சொட்டு. ஊசி முனையால்தான் வைத்தேன். என் முழங்காலுக்குத் தேய்க்கிற எண்ணெய், நல்ல எண்ணெய். இந்த ஊரில் எது பிடித்துக்கொண்டாலும் அதைத்தானே செய்கிறோம். நான் சொட்டு வைப்பதை முப்பிடாதி பார்த்துக்கொண்டே இருந்தாள். “அப்படியே தூக்கிட்டுப்போயி அருவியிலயும் நிறுத்துங்க. முழுசாச் சரியாப் போவும்” என்றாள்.

ஐந்நூறுக்குத் திருப்பவில்லை. ‘வி’யைத் தொடவில்லை.

இசக்கிப்பாண்டி

*

தென்காசி
19 ஜூலை

இசக்கிப்பாண்டிக்கு,

ஷட்டர் இதழ் என்பது சீசனுக்கு வந்தவன் முதுகு அல்ல, எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுவதற்கு. அது காய்ந்த நிலையில்தான் ஓடும். அவ்வளவு மெல்லிய தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிப் போகின்றன. நடுவில் எண்ணெய் புகுந்தால் ஈரமான இரண்டு கண்ணாடியைச் சேர்த்து வைத்த மாதிரி பிடித்துக்கொள்ளும். உமக்கு அழகாகத் தெரிந்த வானவில்தான் நோய்.

பழைய சைக்கிள் ட்யூப் துண்டு ஒன்றை எடுத்து, கண்ணாடியில் படாமல், படம் பிடிக்கிற கீழ் லென்ஸின் விளிம்பில் மட்டும் அழுத்தி, இடப்பக்கம் திருப்பும். முன்கண்ணாடி கழன்று வரும். சிகரெட் லைட்டருக்கு ஊற்றுகிற பெட்ரோல் வாங்கிக்கொள்ளும். வண்டிக்கு ஊற்றுகிறது வேண்டாம், கறை விடும். குச்சியில் பஞ்சைச் சுற்றித் தொட்டுத் தொட்டுத் துடையும். ஊற்றக்கூடாது. துடைத்து, ஷட்டரை அடித்து, மறுபடி துடையும். நன்றாக ஓடும், காய்ந்த பிறகு மறுபடி ஒட்டும். அதைப் பார்த்துச் சோர்ந்துபோக வேண்டாம். ஓரத்தில் ஒளிந்திருக்கிற எண்ணெய் கசிந்து நடுவுக்கு வருகிறது, அவ்வளவுதான். வானவில் வராத நாள்வரை துடைக்கவும். பக்கத்தில் அடுப்பு எரியக்கூடாது. ஜன்னல் திறந்திருக்கட்டும். உம் வீட்டம்மாவிடமும் சொல்லிவைக்கவும், நீர் மறந்துவிடுவீர்.

ஃபிளாஷ் லீவரைப் பற்றிப் புதிதாக எழுத ஒன்றுமில்லை. எக்ஸில் இருக்கவேண்டும். எம்மில் இருந்தால் ஷட்டர் திறப்பதற்கு முன்பே ஃபிளாஷ் அடித்து முடித்துவிடும். ஃபிலிமில் ஒன்றும் விழாது. இப்போதுதான் எழுத்து தெரிந்துவிட்டதே. இந்தத் தடவை பார்த்து வைப்பீர்.

துல்கர்னைன்

*

குற்றாலம்
25 ஜூலை

பாய்,

ஷட்டர் ஓடுகிறது. முதல் நாள் ஓடி, மறுநாள் ஒட்டிக்கொண்டது. நீர் எழுதியிருந்ததால் நான் சோரவில்லை. மறுபடி துடைத்தேன். இப்போது வானவில் இல்லை. நேற்று அடித்துப் பார்த்தபோது உள்ளேயிருந்து முப்பிடாதி, “அந்தா, அதான் பழைய சத்தம்” என்றாள்.

நல்ல செய்தி முடிந்தது. உம் கடிதத்தின் கடைசி வரிகளைப் படித்துவிட்டு அதை மடித்து வைத்துவிட்டேன். முன்பென்றால் எனக்குக் கடிதம் வாசித்துக் காட்டுகிறவர்கள் இந்த மாதிரி வரியை விழுங்கிவிட்டு மற்றதை வாசிப்பார்கள். இப்போது விழுங்குவதற்கு ஆளில்லை. நானே வாசிக்கிறேன், எனக்கே வந்து விழுகிறது.

ஆசிப் கல்யாண ஃபிலிமைக் கழுவிய மறுநாள், உம்முடைய கடைவாசலில், சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் நிற்கும்போது சொன்னீர். “எக்ஸ் எது, எம் எதுன்னு தெரியாத ஆளுகிட்ட கேமராவக் குடுத்து நிக்கச் சொன்னேன் பாரும், என்னையச் சொல்லணும்வே.” அன்று என் வாயில் சத்தியம்தான் வந்தது. பதிலை இப்போது எழுதுகிறேன்.

எக்ஸ் எனக்கு எல்லா எழுத்துக்கும் முன்னால் தெரியும். நான் சின்னப் பயலாக இருந்தபோது, ரோட்டை அகலமாக்க வந்தவர்கள் எங்கள் வீட்டுச் சுவரில் சிவப்புச் சாயத்தில் போட்ட குறி அது. அந்தக் குறி விழுந்த வீடு நிற்கவில்லை. அதை நான் இன்னொரு எழுத்தோடு மாற்றிப் பார்க்கமாட்டேன். எம் எனக்கு இரட்டை மலை. இரண்டும் எனக்குப் பெயர் தெரியாமல் இருந்தன, முகம் தெரியும்.

நிக்காஹ் அன்று கைப்பிடியைச் சுற்றி, லீவரை எக்ஸில் வைத்துவிட்டுத்தான் முதல் படம் எடுத்தேன். அந்த முதல் படம் விழுந்தது, பாய். ஆசிப் மாலையோடு உட்கார்ந்திருக்கிற படம். அதற்குப் பிறகு எடுத்ததெல்லாம்தான் வெறும் கண்ணாடித் தாளாக வந்தது. நான் எம்மில் வைத்திருந்தால் முதல் படம் எப்படி விழுந்தது? எக்ஸில் வைத்திருந்தால் மற்றவை எங்கே போயின? இருபது வருடத்துக்கு மேல் இந்தக் கேள்வி எனக்குள்ளேயே கிடக்கிறது. வாயால் கேட்டிருந்தால் நீர் குறுக்கே பேசியிருப்பீர். எழுதினால் குறுக்கே பேச ஆளில்லை. எழுத்தில் எனக்கு ரொம்பப் பிடித்தது அதுதான்.

அன்றிலிருந்து நான் ஃபிளாஷ் போட்டதே இல்லை. அருவிக்கரையில் பகல் வெளிச்சம் போதும், அங்கே அந்த லீவர் எங்கே இருந்தாலும் ஒன்றுதான். கேமராவையும் ஃபிளாஷையும் மினிபஸ் ஓட்டுகிற வேல்ராஜிடம் கொடுத்து அனுப்புகிறேன். நீரே பாரும். கோளாறு என் கையில்தான் என்று தெரிந்தால் அதையும் எழுதும், வாசித்துக்கொள்கிறேன். பத்தாம் தேதிக்கு முன்னால் எனக்குத் தெரிந்தாகவேண்டும்.

இசக்கிப்பாண்டி

*

தென்காசி
28 ஜூலை

கேமரா வந்தது. லென்ஸ் மூடிக்குள் அரிசி. துடைத்த விதம் மோசமில்லை. இப்போது பயலுகள் மறுபடி ஃபிலிம் கேமராவைத் தூக்கிக்கொண்டு அலைகிறார்கள். கொச்சியிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் கூரியரில் வந்தவை மேஜையில் காத்துக்கிடக்கின்றன. உம்முடையதை முன்னால் எடுக்கிறேன்.

துல்கர்னைன்

*

தென்காசி
1 ஆகஸ்ட்

இசக்கிப்பாண்டி,

பின்கதவைத் திறந்து, ஃபிளாஷை மாட்டி, வெள்ளைச் சுவருக்கு எதிரே வைத்து, பின்பக்கமிருந்து லென்ஸுக்குள் பார்த்தேன். ஃபிளாஷ் அடிக்கிற நேரமும் ஷட்டர் திறக்கிற நேரமும் ஒன்றுதானா என்று இப்படித்தான் பார்ப்பது. கைப்பிடியைச் சுற்றி, பிறகு லீவரை எக்ஸில் வைத்து அடித்தேன். முழு வட்டமாக வெளிச்சம் தெரிந்தது. கேமராவில் கோளாறு ஒன்றும் இல்லை என்று உமக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். பாதி எழுதியும்விட்டேன்.

அப்போதுதான் உம்முடைய கேள்வி உறுத்தியது. முதல் படம் விழுந்தது என்று எழுதியிருந்தீர். நானும் ஒரு தடவைதானே அடித்துப் பார்த்தேன்.

எழுந்துபோய்க் கைப்பிடியைச் சுற்றி மறுபடி அடித்தேன். ஃபிளாஷ் அடித்தது. லென்ஸ் இருட்டாக இருந்தது. லீவரைப் பார்த்தேன். எம்மில் நின்றது. என் கை அந்தப் பக்கமே போகவில்லை.

மருமகள் ஷிஃபாவைக் கூப்பிட்டுக் கைப்பிடியைச் சுற்றச் சொன்னேன். நான் பூதக்கண்ணாடி வைத்து லீவரை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். ஷட்டர் ஏறுகிற தள்ளலில் அது மெல்ல நகர்கிறது. ஷிஃபாவும் பார்த்தாள். “மாமா, இது தானா நடந்து போவுதே” என்றாள். லீவரைப் பிடித்து நிறுத்துகிற ஸ்பிரிங்கின் பல் தேய்ந்திருக்கிறது.

எக்ஸில் வைத்தவர் எக்ஸில்தான் வைத்திருக்கிறார்.

அந்த முதல் படம் இத்தனை வருடமும் என் கண்முன்னால்தான் இருந்தது. ஆசிப் அதைக் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறான். கேமராவில் தேடவேண்டிய பழுதை நான் ஆளிடம் தேடினேன். ஷார்ஜாவிலிருக்கும் ஆசிப்புக்குப் போன் போட்டுச் சொன்னேன். “இத இசக்கி அண்ணாச்சிகிட்ட சொல்லிட்டியா?” என்று கேட்டான். “அவருகூடப் பேச்சு இல்ல, எழுதப்போறேன்” என்றேன். போனை வைக்கிறவரை சிரித்தான்.

பொருத்தமான ஸ்பிரிங் கொச்சியில் ஒருவரிடம் இருக்கிறது. பத்தாம் தேதிக்குள் வராது. ஆகையால் அன்று ஒவ்வொரு படத்துக்கும் ஒருவர் லீவரை எக்ஸிலேயே விரலால் பிடித்துக்கொள்ளவேண்டும். பழக்கமில்லாத விரல் வைத்தால் கெடுத்துவிடும். கேமராவை எடுத்துக்கொண்டு நானே வருகிறேன்.

சத்தியம் செய்தது நீர்தான், நான் இல்லை. ஆனாலும் ஒருத்தர் வாயை மூடிக்கொண்டிருக்க இன்னொருத்தர் பேசிக்கொண்டே இருப்பது நன்றாக இருக்காது. நானும் பேசமாட்டேன்.

துல்கர்னைன்

*

குற்றாலம்
5 ஆகஸ்ட்

பாய்,

உம் கடிதத்தைக் கண்ணாடி போட்டு வாசித்தேன், கழற்றிவிட்டும் வாசித்தேன். எழுத்து மாறவில்லை. முப்பிடாதிக்கு வாசித்துக் காட்டினேன். “குடுங்க, அந்த எக்ஸு வரிய நானே ஒருவாட்டி படிக்கேன்” என்று வாங்கினாள். திருப்பித் தரவில்லை. ரேஷன் கடைக்கு எடுத்துப் போயிருக்கிறாள் என்று நினைக்கிறேன்.

காலையிலேயே வாரும். சத்தியம் அப்படியேதான் இருக்கிறது. குற்றாலநாதர் எங்கள் தெருவிலிருந்து கூப்பிடு தூரம்.

இசக்கிப்பாண்டி

*

குற்றாலம்
11 ஆகஸ்ட்

பாய்,

நேற்று நீரும் அங்கேதான் இருந்தீர். இருந்தாலும் எழுதுகிறேன். நீர் கேமராவுக்குப் பக்கத்தில் குனிந்து லீவரைப் பிடித்துக்கொண்டிருந்தீர். நான் மேலே கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தேன். நான் பார்த்ததை நீர் பார்த்திருக்கமாட்டீர்.

கரும்பலகையில் முத்துவடிவு தன் பெயரைப் பெரிதாக ஆரம்பித்து, ‘வு’வுக்கு இடம் இல்லாமல் சுவரில் எழுதியிருந்தாள். அதை அழிக்கவேண்டாம் என்று குழல்வாய்மொழி சொல்லிவிட்டாள். முப்பிடாதி தன் பெயருக்குக் கீழே மார்க்கையும் எழுதியிருந்தாள். சின்னதாகத்தான் எழுதியிருந்தாள், ஆனால் எழுதியிருந்தாள். எல்லோரும் பட்டுச்சேலை. வெளியே சாரல் பெய்தது. உள்ளே ஒருத்தரும் கண்ணைச் சிமிட்டவில்லை.

நான் கைப்பிடியைச் சுற்றுவேன். நீர் லீவரைப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டுவீர். நான் அடிப்பேன். பேச்சே தேவைப்படவில்லை, பாய். அருவிக்கரையில் தண்ணீர்ச் சத்தத்தில் வேலை பார்த்தபோதும் நாம் இப்படித்தான் தலையை ஆட்டிக்கொண்டோம் என்று அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. நடுவில் முப்பிடாதி, “ரெண்டு பேரும் இப்படி மொறச்சிக்கிட்டே நின்னா எங்களுக்குச் சிரிப்பு வராதா?” என்றாள். அந்தப் படத்தில் எல்லோரும் சிரித்திருப்பார்கள்.

கடைசிப் படத்துக்கு நீர் என் கையிலிருந்து கேமராவை வாங்கிக்கொண்டு, அங்கே போய் நில்லும் என்று தாடையால் காட்டினீர். நான் போய் முப்பிடாதி பக்கத்தில் நின்றேன். ஒரு கையால் லீவரையும் ஒரு கையால் பட்டனையும் பிடித்துக்கொண்டு, “எல்லாரும் இங்கன பாருங்க” என்றீர். நீர் அதை அந்தப் பெண்களிடம்தான் சொன்னீர். என்னிடம் சொல்லவில்லை. அதனால் சத்தியத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் நானும் பார்த்தேன்.

இன்னொன்று. உம் சட்டைப் பையில் டேப் சுருள் இருந்தது. ஃபிளாஷ் வயரை அதைக் கிழித்துத்தான் ஒட்டினீர். அதே டேப்பில் ஒரு துண்டை லீவர் மேல் ஒட்டியிருந்தால் விரலே வேண்டியதில்லை. முதல் படத்திலேயே இது எனக்குத் தோன்றியது. நான் சொல்லவில்லை. சொன்னால் அது பேச்சாகிவிடும்.

இசக்கிப்பாண்டி

*

தென்காசி
17 ஆகஸ்ட்

இசக்கி,

எல்லாப் படமும் விழுந்திருக்கிறது.

மூன்றாவது படத்தில் ஓரமாக என் விரல் வந்துவிட்டது. மேல் லென்ஸில் பார்க்கிறவருக்குக் கீழ் லென்ஸை மறைக்கிற விரல் தெரியாது, ஆகையால் குற்றம் என்னுடையது. வெட்டி எடுத்துவிடலாம். ஷிஃபா வேண்டாம் என்கிறாள். கடைசிப் படத்தில் நீர் சட்டையின் மேல் பட்டனைப் போடவில்லை. முகத்தில் வேறு குறை இல்லை.

டேப் ஒட்டினால் பசை படியும். அதனால்தான் ஒட்டவில்லை.

வெளியூரில் இருக்கிற பிள்ளைகளுக்கு அனுப்பவேண்டும் என்று அந்தப் பெண்கள் கேட்டிருந்தார்கள் அல்லவா. தனித்தனிக் கவரில் போட்டு வேல்ராஜிடம் கொடுத்திருக்கிறேன். பசையை நானே ஒட்டிவிட்டேன். விலாசம் எழுதவில்லை. அது உம் வேலை. என் ‘ள’வைத்தான் குறை சொன்னீரே.

கொச்சி ஸ்பிரிங் வந்துவிட்டது. அதை மாட்டுவதற்கு உம்முடைய பெட்டி வேண்டும். வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து கடையில் இருப்பேன். வந்து உட்காரும். சத்தியத்தை முறிக்கவேண்டாம். முறித்தால் நீர் வாயாலேயே எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிடுவீர், தபால்காரர் வராத வாசலைப் பார்த்துக்கொண்டு நான் உட்கார்ந்திருக்க வேண்டிவரும்.

துல்கர்

*

குற்றாலம்
20 ஆகஸ்ட்

துல்கர் பாய்,

கவர்கள் எல்லாவற்றிலும் விலாசம் எழுதிவிட்டேன். திருப்பூர், சூலூர், சிவகிரி, கடையம். சூலூரில் இரண்டு ‘ஊ’ வருகிறது, இரண்டும் வேறு வேறு மாதிரி நிற்கின்றன. ஆனாலும் போய்ச் சேரும்.

வெள்ளிக்கிழமை வருகிறேன். வந்து உட்கார்ந்திருப்பேன். ஒரு வார்த்தை பேசமாட்டேன். டீயில் சீனி கம்மி என்று மட்டும் ஒரு சீட்டில் இப்போதே எழுதிச் சட்டைப் பையில் வைத்துவிட்டேன். மேல் பட்டனும் போட்டுக்கொண்டு வருவேன்.

இசக்கி